நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே: போதை மீட்சியில் மனவிழிப்புப் பயிற்சி வந்த வழி

பௌத்தத் துறவியருக்கான ஒழுக்க விதிகளைத் தொகுக்கும் வினய பிடகம், மது விலக்கு விதி பிறந்த வரலாற்றை ஒரு கதையாகச் சொல்கிறது. சாகதர் என்னும் துறவி கொடிய நாகம் ஒன்றைத் தம் தவ வலிமையால் அடக்கினார். அச்செய்தி யமுனைக் கரையில் இருந்த கோசம்பி நகருக்கு எட்டியது. மகிழ்ந்த நகர மக்கள் வீடுதோறும் அவருக்கு மது வழங்கினர். அத்தனை வீட்டிலும் பருகிய சாகதர் நகர வாயிலில் விழுந்து கிடந்தார். உடன் துறவியர் அவரைத் தூக்கி வந்து, புத்தரை நோக்கித் தலை இருக்குமாறு கிடத்தினர். நினைவற்ற நிலையில் புரண்ட அவருடைய கால்கள் புத்தர் பக்கம் திரும்பின. நாகத்தை அடக்கிய இவரால் இப்போது ஒரு தண்ணீர்ப் பாம்பையேனும் அடக்க இயலுமா என்று புத்தர் மற்றவர்களைக் கேட்டார். அதன் பின்னரே மது அருந்தலாகாது என்னும் விதி வந்தது.

இக்கதையில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, அத்தவற்றுக்கு விதிக்கப்பட்டது சங்கத்திலிருந்து வெளியேற்றம் அன்று. சக துறவியிடம் தவற்றை ஒப்புக்கொள்ளுதல் மட்டுமே. இரண்டாவது, அதே சாகதரைத் தேர்ந்த சீடர்களின் வரிசையில் அங்குத்தர நிகாயம் வைத்துப் போற்றுகிறது. நகர வாயிலில் விழுந்த ஒரு நாளைக் கொண்டு மரபு அவரை அளக்கவில்லை. போதையில் வீழ்ந்தவரைச் சமூகம் எவ்வாறு ஏற்பது என்ற வினா இந்தியாவுக்குப் புதிதன்று. அதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னர் கிடைத்த ஒரு விடை, பின்னாளில் அரசின் சட்டப் புத்தகங்கள் அளித்த விடையினும் கனிவானது.

ஐந்து சீலங்களுள் இறுதியானது மதுவை விலக்குவதற்குக் கூறும் காரணமும் குறிப்பிடத்தக்கது. மது 'பமாதம்' எனப்படும் மறதிக்கு, கருத்தின்மைக்கு இடமாகிறது என்பதே அக்காரணம். இதற்கு எதிர்நிலை 'அப்பமாதம்'. திருக்குறள் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரம் அமைத்துப் பேசும் பண்பு இதற்கு நெருங்கியது. அந்தக் கருத்துடைமையைக் காப்பதற்கான பயிற்சியே 'சதி'. வடமொழி 'ஸ்மிருதி'யின் பாலி வடிவமான இச்சொல்லுக்கு நினைவு என்பது அடிப்படைப் பொருள். 1881இல் டி. டபிள்யூ. ரீஸ் டேவிட்ஸ் வெளியிட்ட பௌத்த சூத்திரங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இது 'மைண்ட்ஃபுல்னஸ்' ஆயிற்று. இலங்கையில் ஆட்சிப் பணியாளராக இருந்தபோது பாலி கற்றவர் அவர். இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் புழங்கும் அச்சொல்லைத் தமிழில் 'மனவிழிப்பு' எனலாம். ஆனால் மூலச் சொல்லில் உள்ள 'மறவாமை' என்னும் பொருள் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஓரளவு தேய்ந்துவிட்டது. போதையிலிருந்து மீள்பவருக்கு அந்தப் பழைய பொருளே மிகுதியும் பயன்படுவது. தாம் எதை விட்டு வந்தோம், ஏன் விட்டோம் என்பதை ஏக்கம் எழும் கணத்தில் மறவாதிருப்பதே அவருடைய தலையாய தேவை.

பௌத்தம் இக்கணத்தை நுணுகி ஆராய்ந்தது. பன்னிரு நிதானங்களின் சங்கிலியில் புலன் தொடுகையிலிருந்து 'வேதனா' எழுகிறது. வேதனாவிலிருந்து 'தண்ஹா' எழுகிறது. அதிலிருந்து பற்று எழுகிறது. தமிழில் வேதனை என்றால் துன்பம். பாலியில் அச்சொல் இன்பம், துன்பம், இரண்டுமற்ற நிலை ஆகிய மூவகை உணர்ச்சிகளையும் குறிக்கும். மணிமேகலை இதைத் தவறாமல் உணர்ந்து, வேதனாவுக்கு 'நுகர்வு' என்றும் தண்ஹாவுக்கு 'வேட்கை' என்றும் தமிழ்ச் சொல் தந்தது. நுகர்வு இயல்பாக எழுவது. அதைத் தடுக்க இயலாது. ஆனால் நுகர்வு வேட்கையாக மாறியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் நிற்கப் பழகுவதே சதிப் பயிற்சியின் மையம். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் போதை மருத்துவம் இப்பயிற்சியைத் தேடி வந்ததற்குக் காரணமும் அந்த இடைவெளியே.

அது அங்கு வந்து சேர்ந்த வழி நேரானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்திய அரசுக்குப் போதை, முதன்மையாக ஒரு வருவாய் இனமாக இருந்தது. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் அரசே அபின் ஆலைகளை நடத்தியது. சாராயம், கள், கஞ்சா ஆகியவற்றின் மீது கலால் வரி விதித்தது. இங்கிலாந்தில் எழுந்த அபின் எதிர்ப்பு இயக்கத்தின் வற்புறுத்தலால் 1893இல் அமைக்கப்பட்ட அரச அபின் ஆணையம், 1895இல் அளித்த அறிக்கையில் இந்தியரின் அபின் பழக்கம் பெரிதும் மிதமானது என்று கூறி, அன்றைய ஏற்பாட்டை ஏறத்தாழ அப்படியே தொடர வழிவிட்டது. அடிமைப்பட்டவரின் மீட்சி அரசின் கவலையாக இருக்கவில்லை. அதைத் தம் கவலையாகக் கொண்ட மதுவிலக்கு இயக்கத்தினர் பெரும்பாலும் தடையையே விடையாகக் கருதினர். அவ்விடை 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் உறுப்பிலும் இடம்பெற்றது.

அதே காலத்தில், 1885ஆம் ஆண்டுப் போருக்குப் பின் பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணமாக்கப்பட்ட பர்மாவில் வேறொன்று நிகழ்ந்தது. மன்னராட்சி வீழ்ந்தபின் சமயத்தைக் காக்கும் பொறுப்பு மக்களிடமே உள்ளது என்று உணர்ந்த லெடி சயாடோ (1846-1923), அதுவரை பெரிதும் மடங்களுக்குள் இருந்த தியானத்தை இல்லறத்தாருக்கும் கற்பித்தார். அவர் வழியில் வந்த சயா தெட்ஜி ஒரு விவசாயி. அவருடைய மாணவர் ஊ பா கின் (1899-1971), விடுதலை பெற்ற பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். அவர் 1952இல் இரங்கூனில் தியான மையம் ஒன்றைத் தொடங்கினார். துறவியரின் பயிற்சி உழவரிடமும் அரசு ஊழியரிடமும் வந்து சேர்ந்த இந்த மாற்றம் நிகழாதிருந்தால், அது பின்னாளில் சிறைக்குள் நுழைந்திருக்க வழியே இல்லை.

ஊ பா கின்னிடம் 1955இல் வந்த ஒருவரின் வாழ்க்கையில் போதையின் நிழல் நேரடியாகவே விழுந்திருந்தது. மாண்டலேயில் 1924இல் ஒரு மார்வாரி வணிகக் குடும்பத்தில் பிறந்த சத்திய நாராயண கோயங்காவைக் கடும் ஒற்றைத் தலைவலி வாட்டியது. வலி தாளாத வேளைகளில் மருத்துவர்கள் மார்ஃபின் ஊசி செலுத்தினர். நாளடைவில் தலைவலியினும் மார்ஃபினே பெரிய அச்சமாயிற்று. அதற்கு அவர் அடிமையாகிவிடலாம் என்று மருத்துவர்களே எச்சரித்தனர். வெளிநாடுகளில் தேடிய மருத்துவமும் பயன்தரவில்லை. நண்பர் ஒருவரின் சொற்படி அவர் ஊ பா கின்னை நாடியபோது, தலைவலியைத் தீர்ப்பதற்காக என்றால் இங்கு இடமில்லை என்று ஆசிரியர் மறுத்தார். உடல் நோய்க்கு மருந்தாக இதைக் கருதுவது பயிற்சியைத் தாழ்த்துவதாகும்; மனத்தைத் தூய்மைப்படுத்துவதே நோக்கம்; நோய் தீர்ந்தால் அது உடன்விளைவு என்பது அவர் நிலைப்பாடு. அந்த நிபந்தனையை ஏற்றபின்பே கோயங்காவுக்கு இடம் கிடைத்தது.

இந்த மறுப்பு வரலாற்றில் ஒரு முக்கிய முடிச்சு. மனவிழிப்பு மருந்தா, அறவழியா என்ற இன்றைய கல்விப்புல விவாதம், 1955இலேயே ஆசிரியருக்கும் நோயாளிக்கும் இடையே நடந்து முடிந்திருக்கிறது. கோயங்கா 1969இல் இந்தியா வந்தார். அவ்வாண்டு ஜூலையில் மும்பையில் முதல் பத்து நாள் விபஸ்ஸனா முகாமை நடத்தினார். 1976 முதல் மகாராஷ்டிரத்தின் இகத்புரி அவருடைய இயக்கத்தின் தலைமை இடமாயிற்று. அடிமைத்தனம் குறித்து அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்திய கருத்து ஒன்று உண்டு: மனிதர் அடிமைப்படுவது மதுவுக்கோ அபினுக்கோ அன்று, அவை உடலில் எழுப்பும் உணர்ச்சிக்கே. மணிமேகலை 'நுகர்வு' என்ற இடமும் இதுவே.

இப்பயிற்சி இந்தியாவில் மருத்துவமனைக்குச் செல்வதற்கு முன்பே சிறைக்குச் சென்றது. ராஜஸ்தான் மாநில உள்துறைச் செயலர் ராம் சிங், தாமே முகாமில் பங்கேற்றுப் பயன் கண்டவர். அவருடைய முயற்சியால் 1975இல் ஜெய்ப்பூர் மத்தியச் சிறையில் முகாம் நடந்தது. கொடுங்குற்றவாளிகள் எனக் கருதப்பட்டவர்கள் கைவிலங்கும் கால்விலங்குமாக அழைத்துவரப்பட்டனர். விலங்கிட்டவர்களை அமர்த்தி மனவிடுதலையைப் போதிப்பது எவ்வாறு என்று கோயங்கா கேட்டார். விலங்குகளை நீக்கும்படி வற்புறுத்தினார். அதிகாரிகள் அஞ்சினர். முடிவில் விலங்குகள் கழற்றப்பட்டன. அஞ்சியதுபோல் எதுவும் நிகழவில்லை. எனினும் இம்முயற்சி உடனே பரவவில்லை. ஆதரித்த அதிகாரி மாறியதும் திட்டமும் தளரும் என்பது இந்திய நிர்வாகத்தின் பழைய கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் இது ஜெய்ப்பூரிலும் குஜராத்தின் பரோடாவிலும் மீண்டும் வேர்பிடித்தது.

இடைப்பட்ட காலத்தில் சிறைகளின் உள்ளடக்கமே மாறியிருந்தது. 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், பெரும்பாலான குற்றங்களுக்குப் பத்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனை விதித்தது. சிறிதளவு பொருள் தம் சொந்தப் பயன்பாட்டுக்கே என்று மெய்ப்பிக்கும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீது வைத்தது. பின்னர் வந்த திருத்தம் பிணை பெறுவதையும் கடினமாக்கியது. அளவுக்கேற்பத் தண்டனையைப் பிரிக்கும் திருத்தம் 2001இல்தான் வந்தது. சிகிச்சைக்கு முன்வருவோருக்கு விலக்களிக்கும் பிரிவுகள் சட்டத்தில் இருந்தும், அவை அரிதாகவே பயன்பட்டன. கடத்தல்காரரைக் குறிவைத்த வலையில், தம் பழக்கத்துக்குப் பணம் தேடிச் சில பொட்டலங்கள் விற்ற அடிமைகளும் சிக்கினர். நோய் உள்ளவர் சிறைக்குச் செல்வதால், மருத்துவமும் சிறைக்கே செல்ல வேண்டியதாயிற்று.

1993இல் டெல்லி திகார் சிறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கிரண் பேடி, காவல் அதிகாரியாக இருந்தபோதே 'நவஜோதி' என்னும் அமைப்பின் வழியாகப் போதை மறுவாழ்வுப் பணியில் ஈடுபட்டவர். அவர் காலத்தில் திகாருக்குள் தன்னார்வ அமைப்புகளின் துணையுடன் போதை மீட்புப் பிரிவுகளும் இயங்கின. அவ்வாண்டு நவம்பரில் அங்கு முதல் விபஸ்ஸனா முகாம் நடந்தது. அதற்கு முன்பே சிறை அலுவலர்கள் சிலர் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். காவலர் பயிலாத ஒன்றைக் கைதி மீது சுமத்தலாகாது என்பது இயக்கத்தின் நெறி. 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பங்கேற்ற பெருமுகாமைக் கோயங்காவே நடத்தினார். சிறைக்குள் நிலையான தியான மையமும் உருவாயிற்று. சோழ மன்னனின் சிறைக்கோட்டத்தை மணிமேகலை அறக்கோட்டமாக்கிய காதையைப் படித்தவர்களுக்கு இக்காட்சி அதை நினைவூட்டும். வேறுபாடும் உண்டு. காப்பியத்தில் சிறை ஒழிந்து அறச்சாலை வந்தது. திகாரில் அறம் ஒரு கூடத்தில் அமர்ந்தது; சிறை அப்படியே இருந்தது.

இம்முகாம்களை 'டூயிங் டைம், டூயிங் விபஸ்ஸனா' என்னும் ஆவணப்படம் 1997இல் உலகறியச் செய்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் அருகே இருந்த வடக்கு மறுவாழ்வு மையம் என்னும் குறைந்த காவல் கொண்ட சிறையில் விபஸ்ஸனா தொடங்கியது. அங்கிருந்தவர்களுள் பலர் மது, கஞ்சா, கிராக் கொக்கெயின் பழக்கமுடையோர். வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் மார்லட் (1941-2011) அவர்களைத் தம் குழுவினருடன் ஆராய்ந்தார். 2006இல் வெளியான அந்த ஆய்வில், விடுதலையான மூன்று மாதங்களுக்குப் பின், முகாமில் பங்கேற்றோரின் போதைப் பயன்பாடு பங்கேற்காதோரினும் குறைந்திருந்தது. ஆய்வுக்கு வரம்புகள் இருந்தன. பங்கேற்பாளர்கள் தாமே விரும்பி வந்தவர்கள். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். விடுதலைக்குப் பின் பலரைத் தொடர்ந்து காண இயலவில்லை. ஆயினும் மருத்துவப் புலம் கவனிக்கத் தொடங்குவதற்கு அது போதுமானதாயிற்று.

மார்லட் இதற்கு ஆயத்தமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. மதுவை விட்டவர்கள் ஏன் மீண்டும் அதற்குத் திரும்புகிறார்கள் என்பதே அவர் வாழ்நாள் ஆய்வு. ஒரு முறை தவறியவர், 'எல்லாம் போயிற்று' என்ற குற்ற உணர்வினாலேயே முழுமையாக வீழ்கிறார் என்று அவர் கண்டார். ஏக்கம் என்பது அலையைப் போன்றது. அது எழும், உச்சம் தொடும், தானே தணியும் என்றும் கற்பித்தார். அலையை எதிர்த்து மோதாமலும் அதில் மூழ்காமலும், அதன் மேல் மிதந்து கடக்கும் திறமே நோயாளிக்குத் தேவை. விபஸ்ஸனாவில் பயிலப்படும் நிலையாமை உணர்வும் இதையே உடலின் மொழியில் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து, வாரம் ஒன்றாக எட்டு அமர்வுகள் கொண்ட 'மனவிழிப்பு வழி மறுவீழ்ச்சித் தடுப்பு' என்னும் சிகிச்சை முறையாக உருவாயின. 1979இல் ஜான் கபட்-ஜின் மசாசூசெட்ஸில் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புத் திட்டத்தின் அமைப்பும் அதற்கு முன்மாதிரியாயிற்று. 286 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கி நடந்த ஆய்வு 2014இல் வெளியாயிற்று. ஆறாம் மாதத்தில் மனவிழிப்பு முறையும் மார்லட்டின் பழைய முறையும் வழக்கமான சிகிச்சையினும் நற்பயன் தந்தன. ஓராண்டு முடிவில் மனவிழிப்புப் பிரிவினரின் போதை நாள்கள் பழைய முறைப் பிரிவினரினும் குறைந்திருந்தன. முறைகளுக்கிடையே வேறுபாடு தெரிய ஓராண்டு ஆயிற்று என்பது கவனிக்கத்தக்கது. இப்பயிற்சி வேகமாகச் செயல்படும் மருந்து அன்று. மெல்ல ஊறும் பழக்கம்.

இவ்வாறு கங்கைச் சமவெளியில் பிறந்து, பர்மாவில் காக்கப்பட்டு, ஜெய்ப்பூர், திகார் சிறைகள் வழியே சியாட்டில் சென்ற பயிற்சி, இன்று ஆங்கிலப் பெயருடன் இந்திய மருத்துவமனைகளுக்குத் திரும்பியிருக்கிறது. இதைக் கண்டு இரு தரப்பினர் இரு தவறான முடிவுகளுக்கு வருகின்றனர். இது மேலைநாட்டின் புதுச் சரக்கு என்று ஒரு தரப்பு ஒதுக்குகிறது. எல்லா நோயையும் தீர்க்கும் பழம்பெருமை என்று மறுதரப்பு கொண்டாடுகிறது. வரலாறு இரண்டையும் ஏற்கவில்லை.

முதலாவதாக, பயிற்சி பயன் தந்த இடமெல்லாம் போதை உடலைவிட்டு நீங்கிய பின்னரே அது தொடங்கியது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உளறல் நடுக்க நிலையும் வரலாம், உயிரும் போகலாம். அபின் வகைப் பொருள்களுக்கு அடிமையானவர்களுக்குப் பியூப்ரினார்ஃபின் போன்ற மாற்று மருந்துகள் உயிர்காப்பவை. அக்கட்டத்தில் கண்மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வது சிகிச்சை ஆகாது, மருத்துவ மறுப்பாகும். மனவிழிப்பின் இடம் விடுவதில் அன்று. விட்டபின் மீண்டும் வீழாதிருப்பதில்.

இரண்டாவதாக, விலங்கு கழற்றப்பட்ட பின்பே ஜெய்ப்பூரில் பயிற்சி தொடங்கியது. இந்நாட்டின் பல பகுதிகளில் உரிமம் இன்றி நடக்கும் போதை மறுவாழ்வு இல்லங்களில், குடும்பத்தாரால் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் அடைத்துவைக்கப்பட்டு அடிக்கப்படும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அத்தகைய இடங்களின் அறிவிப்புப் பலகையிலும் யோகமும் தியானமும் எழுதப்பட்டிருக்கலாம். விருப்பமற்ற இடத்தில் விழிப்பு விளையாது. அங்கே அது கண்காணிப்பின் மற்றொரு பெயராகிவிடும்.

மூன்றாவதாக, பயிற்சியின் சிறப்பு சிகிச்சையின் பற்றாக்குறையை மறைக்கலாகாது. சமூகநீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 5.7 கோடி இந்தியருக்கு மதுப் பழக்கம் சார்ந்த உதவி தேவைப்படுகிறது. மதுவுக்கு அடிமையானவர்களுள் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மீதமுள்ளோருக்கு மருத்துவர் இல்லை, படுக்கை இல்லை, மருந்து இல்லை. செலவு குறைந்தது என்பதற்காக இவற்றின் இடத்தில் தியானத்தை வைத்தால், அரச அபின் ஆணையத்தின் அலட்சியமே வேறு உடையில் திரும்பியதாகும்.

பயிற்சியை இவ்வாறு அதன் எல்லைக்குள் நிறுத்துவது அதைச் சிறுமைப்படுத்துவதாகாது. மறுவீழ்ச்சியை ஒழுக்கக் கேடு என்று சட்டமும் சமூகமும் கருதி வந்த காலம் முழுவதும், அது ஒரு கணத்தில் நிகழ்வது, அக்கணத்தை அறியலாம், அறிந்தால் கடக்கலாம் என்று ஒரு மரபு சொல்லி வந்திருக்கிறது. தவறியவரிடம் 'எல்லாம் போயிற்று' என்று சொல்லாமல், 'இந்த உணர்ச்சியும் மாறும். மீண்டும் அமர்' என்று சொல்வதே அம்மரபின் கொடை. அச்சொல் பயன்படவேண்டுமாயின், அதைக் கேட்பதற்கு அவர் உயிரோடு இருக்கவேண்டும், சிறைக்கு வெளியே இருக்கவேண்டும், மருத்துவரின் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கவேண்டும். நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே நிற்பது தனிமனிதரின் பயிற்சி. அவர் நிற்பதற்கான நிலத்தை அளிப்பது அரசின் கடமை.